காயம் முந்திய ஊர்

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லிவைத்தவர்கள் ஒன்றும் மடையர்கள் இல்லை. ஆனால் புரட்டாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் புதுச் சட்டத்தைத் தொலைக்காட்சியில் வாசித்தபோது, செம்மணல்விளைக்காரர்களுக்கு அந்தச் சொல்லில் பின்பாதி வேண்டாத சுமையாகத் தோன்றிவிட்டது. எதிரி நம்மை அடிக்கப்போகிறான் என்பதற்கு நம்பத்தகுந்த அறிகுறி தெரிந்தாலே போதும், அவன் கையை ஓங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாமே முந்திக்கொண்டு அவன்மீது அணுகுண்டு போடலாம் என்பது சட்டம். எதிரி என்றால் கடலுக்கு அப்பால், கப்பலில் போனால் பதினோரு நாள் ஆகிற ஒரு நாடு. அந்த நாட்டு மனிதன் ஒருவனையும் செம்மணல்விளையில் யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் குண்டு இருப்பது அவர்கள் ஊர்த் தேரியில்தான். செம்மண் மேடுகளுக்கு நடுவே முள்வேலி போட்டு, குழிவெட்டி, ராக்கெட்டுகளைப் பூமிக்குள் நட்டுவைத்திருந்தது அரசாங்கம். ஆலமரத்தடி, கோயிலடி என்பதுபோல அந்த இடத்தை ராக்கெட்டடி என்று ஊர் சொல்லிப் பழகியிருந்தது. ஆகவே சட்டம் தங்களுக்காகவே போட்டது என்று எண்ணி அன்று சாயங்காலம் சரவெடி கொளுத்தினார்கள்.

மறுநாள் விடிந்தபோது டீக்கடை லிங்கபாண்டியின் இடது தோளில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை. பழுத்த பப்பாளியைக் கீறியதுபோலச் சதை நாலு விரல் நீளத்துக்கு வாய்பிளந்து கிடக்க, உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிய, அவன் அந்தத் தோளோடேயே பாலைக் காய்ச்சி டீ ஆற்றிக்கொண்டிருந்தான். டீ குடிக்க வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், விரலை விட்டுப் பார்த்தார்கள், எனக்குச் சீனி கம்மியாப் போடு என்றும் சொன்னார்கள். கடைசியில் வந்த மாடக்கண்ணு ஆசாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காயத்தின் ஓரத்தைத் தடவி, "இது பட்ட காயம் இல்லவே, படப்போற காயம்" என்றார்.

அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? செம்மணல்விளையில் உள்ள அத்தனை அரிவாளும் அவர் பட்டறையில் அடித்தவை. வீட்டுக்கு ஒரு மூக்கு என்பது அந்த ஊர் வழக்கம். ஒரு வீட்டு அரிவாளின் நுனி கிளிமூக்காக வளையும், இன்னொரு வீட்டுடையது நேராகப் போய்க் கடைசியில் மட்டும் சுளிக்கும், மற்றொன்றில் நெல்மணி அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும். வாழைத்தாரில் பட்ட வெட்டை வைத்தே இன்னார் வீட்டு அரிவாள் என்று சொல்லித் திருடனைப் பிடித்துவிடுவார்கள். லிங்கபாண்டியின் தோளில் இருந்தது எதிர்வீட்டுப் பால்துரையின் மூக்கு.

லிங்கபாண்டி யோசித்தான். யோசிக்க அவன் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பாய்லர் பால் பொங்கும் நேரம். பிறகு அந்தப் பாலை அப்படியே தூக்கிக்கொண்டு போய், வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்த பால்துரையின் தலையில் ஊற்றினான். பால்துரை போட்ட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது, அவர் முகத்துத் தோல் கையோடு வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்துவிட்டு, பதின்மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துவந்து, லிங்கபாண்டியின் இடது தோளில், ஏற்கெனவே திறந்திருந்த அந்தக் காயத்துக்குள்ளேயே, உறைக்குள் கத்தி போவதுபோல ஒரே போடாகப் போட்டார். அப்போதுதான் ரத்தம் வந்தது. லிங்கபாண்டி கடை வாசலிலேயே செத்துப்போனான், ஊர் வாயில் கைவைத்து, "பாத்தியா, காயம் பொய் சொல்லல" என்றது.

"அவரு பாலை ஊத்தாம இருந்திருந்தா, இவரு எதுக்கு வெட்டப்போறாரு?" என்று கேட்டது ஒரே ஒரு ஆள். தவசிக்கண்ணுவின் மனைவி உலகம்மை. அவள் கேட்டது ஊர்ச்சபையில் அல்ல, புருசனுக்குச் சோறு போடும்போது. லோடு ஆட்டோ ஓட்டி, முருங்கைக்காய் மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் தவசிக்கண்ணு நல்ல மனுசன், குடிக்கமாட்டான், மகள் சந்தனமாரிக்கு ஒன்பது வயதாகியும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் திருவிழாவுக்குப் போவான். அவன் சிரித்துக்கொண்டே, "பொம்பள புத்தி பின்புத்தி. நீ குழம்ப ஊத்து" என்றான்.

அதற்குப் பிறகு காயங்கள் மழைக்குப் பிந்திய புல்லைப்போல ஊரெங்கும் முளைத்தன. ரேஷன் கடை வரிசையில் வயிறு கிழிந்தவர் மண்ணெண்ணெய் கேனோடு நின்றார், அவருக்குப் பின்னால் மண்டை பிளந்தவர் நின்று வரிசை நகரவில்லையே என்று சலித்துக்கொண்டார். பள்ளிக்கூட வாத்தியார் வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேராகக் காயத்தையும் குறித்தார். பெண்வீட்டார் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் சட்டையையும் கழற்றச் சொன்னார்கள். தையல்கடையில் காயம் தெரியாமலிருக்கக் காலர் வைத்த ஜாக்கெட் தைத்தார்கள், பிறகு அதுவே நாகரிகமாகிவிட, காயம் இல்லாத பெண்களும் காலர் வைத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து ஊருக்கும் ஒரு சட்டம் எழுதி ஒட்டினார். காயம் கண்டவர் ஆசாரியிடம் காட்டி மூக்கைத் தெரிந்துகொண்டு, அலுவலகத்தில் முந்தல் சீட்டு வாங்கினால், அந்த வீட்டு ஆளை முந்தி அடிக்கலாம், குற்றமில்லை. முந்தியவன் தன்னைக் காத்தவன், பிந்தி அடித்தவனே கொலைகாரன். போலீஸ் ஸ்டேஷனிலும் மேலிடத்தைக் கேட்டு அதையே ஒப்புக்கொண்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவர்கள் பேய்க்கு ரசீதும் போட்டுக்கொடுத்தார்கள். ஐப்பசி முடிவதற்குள் பதினேழு சாவு விழுந்தது, பதினேழிலும் காயம் சொன்ன இடத்தில் சொன்னபடி வெட்டு விழுந்தது, முந்தி அடித்ததால் ஒரே ஒரு காயமாவது மறைந்ததா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்த அன்று காலையில் தவசிக்கண்ணு பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உலகம்மை அதைப் பார்த்தாள். கழுத்தின் வலதுபுறம், காதுக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்குழிவரை திறந்திருந்தது. அதன் முனையில் இரட்டைச் சுளிப்பு. அவளுக்கு ஆசாரி தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த மூக்கு அது, அவளுடைய தாய்வீட்டு மூக்கு. அந்த வீட்டில் இப்போது இருக்கிற ஒரே ஆண்பிள்ளை அவள் அண்ணன் சேர்மக்கனி, தவசிக்கண்ணுவுக்கு மச்சான், ஒரே இலையில் சாப்பிட்டுச் சிரிக்கிற சேக்காளி.

"மச்சானா!" என்றான் தவசிக்கண்ணு, கண்ணாடியைப் பார்த்தபடி. அவனுக்கு உண்மையாகவே வருத்தமாயிருந்தது. "அவருக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"எங்க அண்ணன் கோழி அறுக்கவே கண்ண மூடுதவன். அவன் உங்கள வெட்டுவானா?"

"நல்லவருதான். நான் இல்லங்கல. ஆனா காயம் பொய் சொல்லாதுல்லா."

அவன் சீட்டு வாங்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனதும், உலகம்மை தலையை வாரக்கூட நிற்காமல் தாய்வீட்டுக்கு ஓடினாள். சேர்மக்கனி முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அவன் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாப்ளய நான் வெட்டப்போறேனா? ஏட்டி, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"நீ ரெண்டு மாசம் எங்கயாவது போயிருண்ணே. அவுக சீட்டு வாங்கப் போயிருக்காவ."

"ஓடுனா வெட்ட நினைச்சவன்னு ஆயிரும். நான் நேர்ல வாறேன். என் அரிவாள அவரு கையிலயே குடுத்துருதேன், போதுமா?"

அதைவிட நல்ல யோசனை உலகத்தில் எந்த ராஜாவுக்கும் தோன்றியிருக்காது என்றுதான் உலகம்மை நினைத்தாள். அவள் முன்னால் ஓடிவந்து புருசனிடம் சொல்லிவைக்கப் பார்த்தாள். அவன் சீட்டோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் தன் அரிவாளை வைத்துக்கொண்டிருந்தான். அவள் வாயெடுப்பதற்குள் தெருமுனையில் சேர்மக்கனி திரும்பினான். பதினோரு மணி வெயில், தெருவில் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தார்கள். அவன் வலது கையில் அரிவாள் இருந்தது. கொடுப்பதற்காகக் கொண்டுவந்தது. கைப்பிடியை முன்னால் நீட்டிப் பிடித்து, "மாப்ள, இந்தாரும்" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

தவசிக்கண்ணு பார்த்தது அரிவாளை மட்டும்தான். படியிலிருந்து ஒரே தாவில் இறங்கி அவன் போட்ட வெட்டில் சேர்மக்கனியின் நீட்டிய கை முழங்கையோடு விழுந்தது, இரண்டாவது வெட்டு நெற்றியில், மூன்றாவது எங்கே என்று குழாயடிப் பெண்கள் பிறகு ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து போவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. செம்மண்ணில் ரத்தம் விழுந்தால் ஈரம்தான் தெரியும், நிறம் தெரியாது.

தவசிக்கண்ணு திரும்பி, மூச்சிரைக்க, "முடிஞ்சுது. இனி பயமில்ல" என்று பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான். அவள் அடுக்களைக்குள் போயிருந்தாள். போனதும் வந்ததும் அவளுக்கு நினைவில்லை. அந்த ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, அண்டா, குத்துவிளக்கு, பாத்திரங்களோடு தாய்வீட்டு அரிவாள் ஒன்றையும் சீராகக் கொடுத்தனுப்புவார்கள், விறகு பிளக்க, தேங்காய் வெட்ட, மீன் துண்டுபோட. எல்லா வீட்டு அடுக்களையிலும் அப்படி ஒன்று கிடந்தது. காயத்தைப் பார்த்து மூக்கைக் கணக்கிட்ட ஆசாரிக்கோ, தலைவருக்கோ, பதினேழு சாவுக்கும் கூடி நின்ற ஆம்பிளைகளில் ஒருவருக்கோ அடுக்களை அரிவாள் நினைவுக்கே வரவில்லை. அது அவர்களுக்கு ஆயுதமாகத் தெரிந்ததில்லை, கரண்டியோடு சேர்த்தி. உலகம்மையின் கையில் இருந்தது அதுதான். காதுக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்குழிவரை, ஏற்கெனவே திறந்திருந்த வழியில் அது தானாக இறங்கியது. அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தபடியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்தான்.

அவள் இரண்டு உடம்புக்கும் நடுவே மண்ணில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதாள், யாருக்காக முதலில் அழுவது என்று தெரியாமல் அழுதாள், அரைநாளில் தன் கையாலும் புருசன் கையாலும் தன் குடும்பத்தையே அறுத்துப்போட்ட அந்தக் காயத்தைச் சபித்து அழுதாள். அண்ணன் வெட்டவேயில்லை. வெட்டுவான் என்று பயந்ததால் அவனைக் கொன்றார்கள், கொன்றதால் வெட்டு விழுந்தது, அவ்வளவுதான் கணக்கு. இதைத்தான் அவள் போலீஸ் வந்தபோதும் சொன்னாள். ஏட்டு எழுதிக்கொண்டார். தவசிக்கண்ணு சீட்டு வாங்கி முந்தி அடித்தவன், குற்றமில்லை. உலகம்மை பிந்தி அடித்தவள், கொலைகாரி. இரண்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு, தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்ற நிபந்தனையில் ஜாமீனில் வந்தாள். சந்தனமாரி பக்கத்து வீட்டில் இருந்தாள். அம்மாவைக் கண்டதும் முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பிறகு வந்து கட்டிக்கொண்டாள். அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் உலகம்மை அதன்பின் உயிரோடு இருந்தாள்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்க வெந்துபோய் எழுந்தது. ஒருவர் மிச்சமில்லை. முகம் கரிந்து, உதடு சுருங்கிப் பல் தெரிய, கழுத்தும் நெஞ்சும் உரித்த வெங்காயம்போலத் தோல் உரிந்து, ஆனால் வலி இல்லாமல், எல்லாரும் முற்றம் தெளித்தார்கள், பால் வாங்கினார்கள், இட்லி ஊற்றினார்கள். ஏட்டு கரிந்த முகத்தோடு சைக்கிளில் போனார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அரைமணி நேரம் சிரித்தன, பிறகு பழகிப் பள்ளிக்குப் போயின. சந்தனமாரியின் கன்னத்தைத் தொட்ட உலகம்மையின் விரலில் சாம்பல்போல ஏதோ ஒட்டியது. ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் தன் கரிந்த கையாலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுக்கு மூக்கு இல்லவே" என்றார்.

மறுநாளே தலைநகரத்திலிருந்து ஆறு வண்டிகளில் அதிகாரிகள் வந்து ஸ்டேஷனில் இறங்கினார்கள். தலைமை அதிகாரி நடனசபாபதி மென்மையான மனிதர், எல்லாரையும் அம்மா, ஐயா என்பார், அவர் முகத்தில் ஒரு பரு கூட இல்லை. ஊர்க்காரர்களை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தார்கள், தோலை அளந்தார்கள். இது அணுகுண்டுத் தீ என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. சட்டம் கேட்ட நம்பத்தகுந்த அறிகுறி இதைவிட வேறென்ன? சந்தனமாரியை நாற்காலியில் உட்காரவைத்து முன்னாலும் பக்கவாட்டிலும் எடுத்த படம் அடுத்த நாள் எல்லாச் செய்தித்தாளிலும் முதல் பக்கத்தில் வந்தது, இந்தக் குழந்தைக்காக முந்துவோம் என்று கீழே போட்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போட வந்த உலகம்மை அந்தப் படத்தை மேசையில் பார்த்தாள். மகளின் கரிந்த முகத்தில் கண்ணையும் புருவத்தையும் சுற்றி மட்டும் தோல் மாநிறமாக, வேகாமல் இருந்தது. ஏட்டைப் பார்த்தாள். அவருக்கும் அப்படித்தான். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கண்ணைச் சுற்றி வேகாத ஒரு பட்டை, வலது கையின் புறங்கை மட்டும் மற்ற இடத்தைவிட ஆழமாகக் கரிந்திருந்தது. அவள் தன் வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு சொல் சொல்லணும்" என்றாள். "குண்டு வருதுன்னா நாங்க என்ன செய்வோம்?"

"ஓடுவீங்க" என்றார் நடனசபாபதி.

"ஓடுனா முதுகுலல்லா வேகணும்? எங்க யாருக்கும் முதுகுல ஒண்ணுமில்ல. எல்லாரும் வலது கைய நெத்தியில வச்சு வெயில மறைச்சுக்கிட்டு, வானத்தப் பாத்து நிக்கோம். வாற குண்ட யாராவது அப்படி வேடிக்கை பாப்பாவளா? போற ராக்கெட்டத்தான் பாப்பாவ. நம்ம அனுப்பிட்டு, கைதட்டி வேடிக்கை பாத்துட்டு நிக்கும்போதுதான் இது விழுது. நீங்க அனுப்பலன்னா இது விழாது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஏட்டின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, அவருக்குப் புரிந்தது.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம்மா" என்றார். "ஆனா முந்தாநாள் அங்கேயும் எல்லாரும் இப்படியே எழுந்திருப்பாங்க இல்லையா? அவங்க முகத்தப் பாத்து அவங்க பயந்திருப்பாங்க. பயந்தா முந்துவாங்க. அவங்க முந்துறதுக்குள்ள நாம முந்தணும்."

"அப்ப அவுகள்ட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாம்லா? எனக்கும் அப்படித்தான் எரியுதுன்னு சொன்னா, அவுகளும் மனுசங்கதான?"

"எப்ப முந்தப்போறோம்னு எதிரிக்குத் தெரியக்கூடாதும்மா. அதனால பேச முடியாது."

"நான் புருசன வெட்டுனவ, ஐயா. பட்டவ சொல்லுதேன்."

"அதனாலதான் நீங்க சொன்னத எழுதிக்க முடியல" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். பிந்தி அடித்தவளின் சாட்சி செல்லாது என்று சட்டத்தில் இருந்தது. அன்று மாலையே அதிகாரிகள் ஆறு வண்டிகளிலும் ஏறித் தலைநகரத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என்று மைக் கட்டிச் சொன்னார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மோர்ப்பந்தலும் பானகமும் வைத்து, கரிந்த முகங்களுக்குப் பவுடர் பூசி, ஊரே தேரிமேட்டில் ஏறி நின்றது. உலகம்மை அவர்கள் நடுவே புகுந்து, கையை இறக்குங்க, மேல பாக்காதிய, வீட்டுக்குள்ள போங்க என்று கத்தினாள், நெற்றிக்குப் போன கைகளைப் பிடித்து இழுத்தாள், தட்டிவிட்டாள். ஒருவன் அவளைப் பிடரியில் அடித்தான், இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துத் தள்ளினார்கள், கல் ஒன்று வந்து புருவத்தைக் கிழித்தது. கூட்டத்தின் முன்வரிசையில், புதுப்பாவாடை கட்டி, கழுத்தில் மாலையோடு, படத்தில் வந்த பிள்ளை என்று சந்தனமாரியை ஒரு நாற்காலியில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். உலகம்மை அவளை இடுப்போடு வாரிக்கொண்டு மேட்டைவிட்டு ஓடினாள். பிள்ளை திமிறியது, நான் பாக்கணும் என்று அழுது அவள் தோளைக் கடித்தது.

பூமி அதிர்ந்தது. செம்மண் புழுதியை எழுப்பிக்கொண்டு ராக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போயின. ஓடிக்கொண்டிருந்தவள் ஒருமுறை திரும்பினாள், வானத்தைப் பார்க்கவில்லை, சனங்களைப் பார்த்தாள். அத்தனை பேரும், மாடக்கண்ணு ஆசாரியும் ஏட்டும் தலைவரும் குழாயடிப் பெண்களும், ஒரே ஆளைப்போல வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார்கள்.

ஓடை மேலே போட்ட கல்பாலத்துக்கு அடியில் அவள் பிள்ளையைத் தள்ளித் தானும் நுழைந்தாள். முந்தானையால் அதன் தலையை மூடி, முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் புருவத்து ரத்தம் பிள்ளையின் மாலையில் சொட்டியது. சந்தனமாரி திமிறுவதை நிறுத்திவிட்டு, துணிக்குள்ளிருந்து கேட்டாள்.

"யம்மா, நம்மதான மொதல்ல அடிச்சோம்? பெறவு நம்ம எதுக்கு ஒளியணும்?"

"மொதல்ல அடிச்சதுனாலதான், மக்கா" என்றாள் உலகம்மை.

மேட்டில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.